சிகரத்தில் செடிகள் பெருகினால் ஏன் கவலைப்படுகிறார்கள்?

ஐரோப்பிய மலைச்சிகரங்களில் தாவர இனங்கள் வேகமாகக் கூடிவருகின்றன என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகாட்டும். 2018இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் 302 சிகரங்களை வைத்து அப்படி ஓர் ஆய்வு வந்தது. 1957 முதல் 1966 வரை சிகரங்களில் புதிதாகச் சேர்ந்த இனங்களைப் போல ஐந்து மடங்கு, 2007 முதல் 2016 வரையிலான பத்தாண்டில் சேர்ந்திருக்கின்றன. இதைப் படித்தவர்களுக்குக் குழப்பம் வந்தால் அது நியாயம்தான். இனங்கள் அழிகின்றன என்றுதானே இத்தனை நாளும் சொன்னார்கள்? இப்போது கூடுகின்றன என்கிறார்கள், அதற்கும் முகம் சுளிக்கிறார்கள்.

குழப்பம் தீர வேண்டுமானால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். மலை உச்சியில் ஒரு செடி எதனால் வாழ்கிறது என்பது ஒன்று. அந்தச் செடிகளை யார், எப்படி எண்ணினார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்ல வந்தால் கேயோர்க் கிராப்ஹெர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளரைத் தவிர்க்க முடியாது.

மலைக்கும் மாடிகள் உண்டு

மேலே ஏற ஏறக் குளிரும். சராசரியாக 100 மீட்டருக்கு அரை டிகிரி செல்சியஸ், சில இடங்களில் சற்றுக் கூடுதல். இந்தக் குளிர்தான் மலையை அடுக்கடுக்காகப் பிரிக்கிறது. ஆல்ப்ஸ் மலையை எடுத்துக்கொண்டால் கீழிருந்து மேலாக இப்படி வரும்:

1. மரவரம்பு. இதற்கு மேல் மரம் வளராது. வளரும் பருவத்தின் சராசரி வெப்பம் 6 டிகிரியை ஒட்டி இறங்கும் இடத்தில், உலகின் எந்த மலையானாலும் ஏறக்குறைய இந்த எல்லை விழுகிறது. இதை உலகெங்கும் அளந்து காட்டியவர் பாசெல் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் கோர்னர்.

2. அல்பைன் மண்டலம். புல், கோரை, குட்டைப் புதர்கள் சேர்ந்து தரையை மூடிக் கிடக்கும் பகுதி. அல்பைன் என்ற சொல் ஆல்ப்ஸிலிருந்து பிறந்தாலும், மரவரம்புக்கு மேலுள்ள எந்த மலைப்பகுதிக்கும் இன்று அதுதான் பெயர்.

3. பனி மண்டலம். கோடையிலும் பனித்திட்டுகள் கிடக்கும் பாறைப் பரப்பு. தொடர்ந்த புல்வெளி கிடையாது. பாறை இடுக்கில் ஒன்று, சரளைக்கு நடுவே ஒன்று என்று செடிகள் தனித்தனியாக நிற்கும்.

மரம் நின்றுவிடும் இடத்தைத் தாண்டிச் சின்னச் செடி எப்படிப் போகிறது? மரம் உயரமானது, குளிர்காற்று அதன் உச்சிவரை உரசிக்கொண்டு போகும். தரையோடு ஒட்டி மெத்தை போலப் பரவும் செடிக்கு அந்தத் தொல்லை குறைவு. வெயில் பட்ட மண்ணின் சூட்டைத் தன் இலைகளுக்கிடையில் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல வெயில் நாளில் அந்த மெத்தைக்குள் இருக்கும் வெப்பம், ஒரு முழம் மேலே உள்ள காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும்.

இதையெல்லாம் விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. உச்சிச் செடி ஏன் கீழே வளருவதில்லை? குளிர் இல்லாமல் அதனால் வாழவே முடியாது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் சமவெளித் தாவரவியல் பூங்காக்களில் பாறை மேடு கட்டி, களை பிடுங்கிப் பராமரித்தால் பல அல்பைன் செடிகள் நன்றாகவே வளர்கின்றன. களையெடுப்பை நிறுத்தினால்தான் கதை முடியும். பக்கத்துச் செடி உயர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். மெதுவாக வளரும் குட்டைச் செடிக்கு அந்தப் போட்டியைத் தாங்கும் உடம்பு இல்லை. வெப்பத்தாலேயே நேரடியாகத் துன்பப்படும் இனங்களும் உண்டுதான். ஆனாலும் பெரும்பாலான உச்சிச் செடிகளுக்குக் குளிர் ஒரு வேலி. வலுத்த பங்காளிகளை உள்ளே விடாமல் வைத்திருப்பது அந்த வேலிதான்.

கோரையில் தொடங்கிய தொழில்

கிராப்ஹெர் 1946இல் ஆஸ்திரியாவின் மேற்குக் கோடியான ஃபோரார்ல்பெர்க் மாநிலத்தில் பிறந்தவர். இன்ஸ்ப்ருக்கில் படித்தார். அந்த ஊரில் தெருவிலிருந்து நிமிர்ந்தாலே மலைதான். மலைத்தாவர உடலியலுக்கு அங்கே பழைய மரபும் இருந்தது.

அவருடைய தொடக்கக் கால ஆய்வுகளில் பரபரப்பான எதுவும் இல்லை. காற்றடிக்கும் முகடுகளில் படரும் லோய்செலூரியா என்ற குட்டைப் புதர், எவ்வளவு வெளிச்சத்தில், எவ்வளவு குளிரில், எவ்வளவு கரியமில வாயுவை உள்ளே இழுக்கிறது என்று அளந்தார். அப்புறம் ஆஸ்திரியாவின் ஓட்ஸ்டால் மலைகளில் கேரெக்ஸ் கர்வுலா என்ற செடியின் புல்வெளி ஒரு கோடையில் எத்தனை கிராம் வளர்கிறது என்று நிறுத்துப் பார்த்தார். இந்தக் கேரெக்ஸ், நம் வயல் வரப்பில் முளைக்கும் கோரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. நுனி காய்ந்து சுருண்டிருப்பதால் ஜெர்மனில் வளைகோரை என்ற பொருளில் அழைக்கிறார்கள்.

இந்த வளைகோரையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வதில் தப்பில்லை, பின்னால் வரும் கணக்கெல்லாம் இதைப் புரிந்துகொண்டால் எளிதாகும். இது விதையால் பரவுவது மிகக் குறைவு. தரைக்கடியில் தண்டு நகர்ந்து பக்கத்தில் முளைவிடும். அந்த நகர்வு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். சுவிட்சர்லாந்தின் ஃபுர்க்கா கணவாய்ப் பகுதியில் ஒரு வளைகோரைத் திட்டின் மரபணுவை 1996இல் சோதித்தபோது, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தளிர்கள் ஒரே செடியின் பகுதிகள் என்று தெரிந்தது. நகரும் வேகத்தை வைத்து வயதைக் கணக்கிட்டால் சுமார் 2,000 ஆண்டுகள். ரோமானியப் படை ஆல்ப்ஸைக் கடந்த காலத்தில் முளைத்த செடி இன்னும் அதே இடத்தில் நிற்கிறது.

இப்படிப்பட்ட செடிகளோடு பழகிய ஒருவர், காலநிலை மாறினால் தாவரங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே கிளம்பிவிடும் என்று நம்பமாட்டார். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும் செடிக்கு 100 மீட்டர் ஏற ஒரு லட்சம் ஆண்டு வேண்டும். அப்படியானால் யார் ஏறுவார்கள், யார் நிற்பார்கள்? இதை மேசையில் உட்கார்ந்து தீர்க்க முடியாது. மலைக்குப் போய் எண்ணத்தான் வேண்டும்.

1986இல் அவர் வியன்னா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கிருந்தபடி ஆஸ்திரியக் காடுகளில் எத்தனை பங்கு மனிதக் கை படாதது என்று நாடு தழுவிய ஆய்வு ஒன்றையும் நடத்தினார். இயற்கையானது என்று சொல்லத்தக்கது 3 சதவீதம்தான் என்ற அதன் முடிவு அங்கே பலருக்குக் கசந்தது. இங்கே நமக்கு வேண்டியது மலைக்கணக்கு.

பழைய குறிப்பேடுகளோடு மறுபடி ஏறியவர்கள்

மாற்றத்தை அளக்க இரண்டு புள்ளி வேண்டும்: அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது. மலைத்தாவரவியலின் அதிர்ஷ்டம் என்னவென்றால், ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே சில ஆர்வலர்கள் சிகரத்தில் ஏறி என்னென்ன செடி இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டார்கள். காலநிலை மாற்றம் என்ற பேச்சே அன்று கிடையாது. முதலில் ஏறியவன் என்ற பெருமையோடு சேர்த்துச் செடிப்பட்டியலும் எழுதுவது அக்காலத்துப் பழக்கம்.

கிழக்கு சுவிட்சர்லாந்தில் 3,410 மீட்டர் உயரமுள்ள பீட்ஸ் லினார்ட் சிகரத்தில் 1835இல் ஓஸ்வால்ட் ஹேர் என்ற இயற்கையியலாளர் ஏறினார். உச்சியில் அவர் கண்டது ஒரே ஒரு பூச்செடி: ஆண்ட்ரோசாசே அல்பினா. 2011இல் அதே உச்சிப்பகுதியில் 16 இனங்கள் இருந்தன. அடுத்த தலைமுறையில் யோசியாஸ் பிரவுன்-பிளாங்கே என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல சிகரங்களை முறையாகப் பதிந்தார்.

கிராப்ஹெர், அவருடைய இளைய கூட்டாளிகளான மிகாயேல் கோட்ஃப்ரீட், ஹரால்ட் பௌலி ஆகிய மூவரும் 1990களின் தொடக்கத்தில் இந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஏறினார்கள். 3,000 மீட்டருக்கு மேற்பட்ட 26 சிகரங்கள், 40 முதல் 90 ஆண்டு பழைய பதிவுகள். முடிவு 1994இல் நேச்சர் இதழில் ஒரே ஒரு பக்கமாக வந்தது. அந்த ஒரு பக்கத்தின் சாரம் இது:

1. பெரும்பாலான சிகரங்களில் இனங்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. கீழேயிருந்து செடிகள் ஏறி வந்திருந்தன.

2. வெப்பம் ஏறிய அளவை வைத்துப் பார்த்தால் தாவர மண்டலங்கள் பத்தாண்டுக்கு 8 முதல் 10 மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும்.

3. உண்மையில் செடிகள் ஏறியது பத்தாண்டுக்குப் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவு. மிக அதிகமாக 4 மீட்டர்.

முதல் அம்சத்தைத்தான் செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டன. எனக்கு இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலுள்ள இடைவெளிதான் பெரிதாகப் படுகிறது. வெப்பம் முன்னால் போகிறது, செடி பின்தங்கி நடக்கிறது. அப்படியென்றால் இன்று நாம் ஒரு சிகரத்தில் பார்க்கும் செடிக்கூட்டம் இன்றைய வெப்பத்துக்கு உரியது இல்லை, சில பத்தாண்டுக்கு முந்திய வெப்பத்துக்கு உரியது. இன்றைய வெப்பத்துக்கான விளைவு இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு சதுர மீட்டரைப் பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணுவது

பழைய பட்டியல்களில் ஒரு குறை உண்டு. இன்னின்ன இனம் இருந்தது என்று சொல்லுமே தவிர, எவ்வளவு இருந்தது என்று சொல்லாது. புதிதாக வந்தவை தெரியும். பழையவை மெல்லக் குறைவது, கடைசிச் செடி சாகும்வரை பட்டியலில் தெரியாது.

இதற்காகத்தான் 1994இல் ஆஸ்திரியாவின் திரோல் மாநிலத்திலுள்ள ஷ்ரான்கோகல் மலையில் (3,497 மீட்டர்) ஏறத்தாழ ஆயிரம் நிரந்தரக் கட்டங்களை இந்தக் குழு அமைத்தது. ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். அல்பைன் புல்வெளி முடிந்து பனி மண்டலம் தொடங்கும் இடைப்பட்ட சரிவு அது, மாற்றம் முதலில் தெரிய வேண்டிய இடம். ஒவ்வொரு கட்டத்திலும் எந்த இனம் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்று பதிந்தார்கள்.

2004இல் அவற்றில் ஒரு பகுதியை மறுபடி எண்ணியபோது கட்டத்துக்கான இன எண்ணிக்கை சராசரியாக 12 சதவீதம் அளவுக்குக் கூடியிருந்தது. அதே நேரத்தில், பனி மண்டலத்துக்கே உரிய இனங்கள் மூடியிருந்த பரப்பு குறைந்திருந்தது. கீழிருந்து வந்த அல்பைன் முன்னோடிகள் பரவியிருந்தன. 2014இல் மூன்றாம் முறை எண்ணினார்கள். மாற்றம் இன்னும் வேகம் பிடித்திருந்தது. வெப்பமும் வறட்சியும் தாங்கும் செடிகளின் பக்கம் தட்டு சாய்ந்துகொண்டிருந்தது.

எண்ணிக்கை கூடுகிறது, ஆனால் மூத்த குடிகள் மெலிகிறார்கள். இந்த இரண்டும் ஒன்றாக நடக்கும் என்பது சதுர மீட்டர்களை உட்கார்ந்து எண்ணியதால் மட்டும் தெரிந்த விஷயம்.

குளோரியா என்ற ஏற்பாடு

ஒரு மலையில் நடப்பது எல்லா மலையிலும் நடக்கிறதா? இதைச் சோதிக்க கிராப்ஹெர் குழு தொடங்கிய வலையமைப்புக்குக் குளோரியா என்று பெயர். அல்பைன் சூழல்களை உலகளவில் கண்காணிக்கும் ஆய்வு முயற்சி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. 2001இல் ஐரோப்பாவின் 18 மலைப்பகுதிகளில் முதல் கணக்கெடுப்பு நடந்தது. இப்போது ஆறு கண்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகளில் இதே முறை. முறை எப்படி என்றால்:

1. ஒரு பகுதியில் நான்கு சிகரங்கள். மரவரம்பை ஒட்டிய ஒன்றில் தொடங்கி, செடி வாழும் உச்ச எல்லை நோக்கி வெவ்வேறு உயரங்களில் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர் பெற்ற சிகரமாக இருக்க வேண்டியதில்லை. சின்ன மேடானாலும் போதும்.

2. ஒவ்வொரு சிகரத்திலும் உச்சிக்கு 5 மீட்டர் கீழே நான்கு திசைகளிலும் 3 மீட்டர் சதுரம் ஒன்று. அதன் நான்கு மூலைகளிலும் ஒரு மீட்டர் கட்டம் ஒன்று. ஆகச் சிகரத்துக்கு 16 கட்டங்கள்.

3. கட்டத்தின் மேல் கம்பிச் சட்டம் வைத்து 10 சென்டிமீட்டர் அறைகளாக நூறு பிரித்து எந்த அறையில் எந்த இனம் என்று குறிக்க வேண்டும்.

4. மண்ணுக்குள் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பம் பதியும் சின்னக் கருவியைப் புதைக்க வேண்டும். ஆண்டு முழுக்க மணிக்கு மணி பதிந்துகொண்டிருக்கும்.

5. சில ஆண்டு கழித்து வேறு ஆட்கள் வந்தாலும் அதே கட்டத்தைக் கண்டுபிடிக்கும்படி அளவும் புகைப்படமும் வைத்துவிட்டு இறங்க வேண்டும்.

ஏன் சிகரம்? எளிய காரணம்தான். எந்த மலையிலும் உச்சி எது என்பதில் தகராறு வராது. நான்கு திசையும் ஒரே இடத்தில் கிடைக்கும். மேலே இருந்து உருண்டு விழும் கல்லும் பனிச்சரிவும் இல்லை. இன்னொரு வசதி செலவு. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், செடி அடையாளம் தெரிந்த நான்கு பேர் ஏறினால் வேலை நடக்கும். ஏழை நாடுகளின் மலைகளும் இந்த வலையில் வர முடிந்தது இதனால்தான். பெரிய கணினி மாதிரிகள் மட்டுமே அறிவியல் என்று நினைக்கப்படும் காலத்தில், முழங்கால் மடக்கி உட்கார்ந்து இலையை எண்ணும் வேலைக்கு மதிப்புத் தேடித் தந்தவர் கிராப்ஹெர். 2012இல் ஆஸ்திரியாவின் அறிவியல் பத்திரிகையாளர்கள் அவரை அந்த ஆண்டின் விஞ்ஞானியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

சரி, கூடினால் என்ன கேடு?

இப்போது தொடக்கக் கேள்விக்கு வரலாம். படிப்படியாகப் பார்த்தால் இப்படி:

1. சிகரத்துக்குப் புதிதாக வருபவை அரிய இனங்கள் இல்லை. கீழே ஏராளமாக இருப்பவை. அவை மேலே ஏறியதால் அந்த இனங்களுக்குப் பெரிய லாபம் எதுவும் வந்துவிடவில்லை.

2. மேலே இருப்பவை வேறு எங்கும் இல்லாதவை. அவற்றுக்குக் குளிர் வேலியாக இருந்தது. வேலி இறங்கினால் பங்காளிகள் உள்ளே வருவார்கள். முதலில் பாறைச் சரளையில் காலியிடம் நிறைய இருப்பதால் இருவரும் சேர்ந்தே இருப்பார்கள். எண்ணிக்கை கூடும். போட்டி தொடங்குவது அதற்கு அப்புறம்தான்.

3. மேலே ஒதுங்க இடம் குறைவு. ஆல்ப்ஸ் போன்ற மலை கோயில் கோபுரம் மாதிரி, நிலைக்கு நிலை பரப்பு சுருங்கும். கலசத்துக்கு மேல் போக வழியில்லை. (எல்லா மலைத்தொடரும் இப்படி இல்லை. 2015இல் 182 மலைத்தொடர்களை அளந்தபோது மூன்றில் ஒரு பங்குதான் கோபுர வடிவில் இருந்தது தெரிந்தது. இமயமலை நடுவில் ஒடுங்கி மேலே மறுபடி அகலும் உடுக்கை வடிவம்.)

4. மலைச்செடிகள் சாவதற்கும் நேரம் எடுத்துக்கொள்ளும். 2,000 ஆண்டு வாழும் கோரையை நினைத்துப் பாருங்கள். சூழல் ஒத்துவராமல் போன பின்னும் பழைய வேரின் பலத்தில் பல பத்தாண்டு நிற்கும், புதிய கன்று மட்டும் வராது. இதைச் சூழலியலாளர்கள் அழிவுக்கடன் என்கிறார்கள். கடன் வாங்கிய அன்று யாரும் ஏழையாகத் தெரிவதில்லையே, அதுபோல.

நான்காவது அம்சத்துக்கு ஓர் எண் உண்டு. வியன்னாவின் ஸ்டெஃபான் டுலிங்கர் குழு 2012இல் ஆல்ப்ஸின் 150 மலைச்செடி இனங்களைக் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்தது. இந்த நூற்றாண்டின் முடிவில் அவற்றின் வாழிடம் சராசரியாக 44 முதல் 50 சதவீதம் சுருங்கும் என்று வந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அன்று செடி இருக்கும் பரப்பிலேயே சராசரியாக 40 சதவீதம் அந்த இனத்துக்கு ஒத்துவராத இடமாக ஏற்கெனவே மாறியிருக்கும் என்பது. பார்த்தால் செடி நிற்கும், ஆனால் அதற்கு எதிர்காலம் இருக்காது.

எண்ணிக்கை கூடுவது எங்கும் பொதுவானதும் இல்லை. 2001ஐயும் 2008ஐயும் ஒப்பிட்டு ஐரோப்பாவின் 66 சிகரங்களைப் பற்றி 2012இல் சயன்ஸ் இதழில் பௌலியும் கூட்டாளிகளும் எழுதினார்கள். வட, மத்திய ஐரோப்பியச் சிகரங்களில் சராசரியாகச் சுமார் 4 இனங்கள் கூடியிருந்தன. மத்தியதரைக்கடல் பகுதிச் சிகரங்களில் ஒன்றரை இனம் அளவுக்குக் குறைந்திருந்தது. தெற்கே கோடை வறண்டது. பனி முன்னதாக உருகிவிட்டால் செடிக்கு நீர் போதாது, அதனால் ஏறி வருபவர்களும் நிலைக்க முடிவதில்லை. ஸ்பெயினின் சியரா நெவாடா, கிரீட் தீவின் மலைகள் போன்ற இடங்களில் உலகில் வேறெங்கும் இல்லாத இனங்கள் செறிந்திருப்பதால், அங்கே ஒன்று குறைவது ஆல்ப்ஸில் நான்கு கூடுவதற்கு ஈடாகாது. சராசரி எடுத்து ஐரோப்பாவில் மொத்தத்தில் லாபம் என்று எழுதினால் அது கணக்குப் பிள்ளையின் ஏமாற்று.

எதிர்க்கேள்விகள்

இந்த முடிவுகளை எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. மூன்று ஆட்சேபங்கள் கனமானவை.

ஒன்று, பழைய பதிவுகளை எவ்வளவு நம்பலாம்? இதற்கு உலகப்புகழ் பெற்ற உதாரணம் ஈக்வடோரின் சிம்போராசோ எரிமலை. 1802இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட் அங்கே ஏறி, எந்த உயரத்தில் எந்தச் செடி என்று அழகான படம் வரைந்தார். 2015இல் ஒரு குழு அதே மலையில் ஏறிப் பார்த்துவிட்டு, தாவர எல்லை 500 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டது என்று அறிவித்தது. 2019இல் வேறொரு குழு ஹும்போல்ட்டின் கையெழுத்துக் குறிப்புகளையும் உலர்செடி மாதிரிகளையும் தேடிப் படித்தது. உயரமான செடிகளில் பெரும்பாலானவற்றை அவர் சேகரித்தது சிம்போராசோவிலேயே இல்லை, அன்டிசானா என்ற வேறு மலையில் என்று தெரியவந்தது. அங்கே மறுபடி அளந்தபோது உயர்வு 215 முதல் 266 மீட்டர் என்று வந்தது. ஏற்றம் உண்மை, அளவு பாதி. உலகின் மிகப் பிரபலமான தாவரப் படமே இப்படி என்றால், மற்றக் குறிப்பேடுகளை எவ்வளவு சந்தேகத்தோடு படிக்க வேண்டும்!

இரண்டு, எண்ணுபவரின் கண். தேர்ந்த இருவர் ஒரே கட்டத்தை ஒரே நாளில் எண்ணினாலும் இரண்டு பட்டியல் முழுக்க ஒத்துப்போகாது. பூக்காத சிறு புல் ஒருவர் கண்ணுக்குத் தப்பும். இன்றைய ஆய்வாளர்கள் அதிக நேரம் தேடுவதால் மட்டுமே இனங்கள் கூடியதாகத் தோன்றலாமே? குளோரியா ஒரே மாதிரியான கட்டங்களை வற்புறுத்துவதும், எண்ணுபவர்களையே சோதித்துப் பார்ப்பதும் இதற்காகத்தான். 2018 ஆய்வில் ஏற்றத்தின் வேகம் வெப்ப உயர்வின் வேகத்தோடு சேர்ந்து கூடியிருந்தது. எண்ணுபவரின் சுறுசுறுப்பு மட்டும் காரணமாக இருந்தால் இந்தப் பொருத்தம் வந்திருக்காது.

மூன்றாவது ஆட்சேபம் மேலே பேர் சொன்ன கோர்னரிடமிருந்தே வந்தது. கரடுமுரடான மலையில் வெப்பம் உயரத்தை மட்டும் பொறுத்தது இல்லை என்கிறார். ஒரே சரிவில் ஒரு பாறையின் வெயில் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் மண் வெப்பத்தில் பல டிகிரி வித்தியாசம். வெப்பம் 2 டிகிரி கூடினால் செடி 300, 400 மீட்டர் ஏற வேண்டும் என்பதில்லை, பாறையைச் சுற்றிச் சில அடி நகர்ந்தாலே பழைய குளிர் கிடைக்கும். ஆகவே மலை ஒரு பொறி என்பதைவிடப் புகலிடம் என்பதே பொருத்தம் என்பது அவர் வாதம். எனக்கு இதில் பாதி உண்மை இருப்பதாகப் படுகிறது. இதனால் கணினி மாதிரிகள் சொல்லும் அழிவு மிகையாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் ஷ்ரான்கோகல் கட்டங்களில் பனிச்செடிகள் மெலிந்தது மாதிரியில் கண்டது இல்லை, தரையில் அளந்தது. நிழல் பக்கங்கள் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் இனி பார்க்க வேண்டியது.

இமயமலையில்

கிழக்கே வந்தால் பதிவுகள் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசஃப் ஹூக்கர் 1849, 1850ஆம் ஆண்டுகளில் வடக்கு சிக்கிமின் லாச்சென், லாச்சுங் பள்ளத்தாக்குகளில் செடிகள் சேகரித்தபோது உயரத்தையும் குறித்திருந்தார். 2013இல் வெளியான ஆய்வு அதே பள்ளத்தாக்குகளில் 124 உள்ளூர் இனங்களை ஒப்பிட்டது. 87 சதவீத இனங்கள் வெப்பத்தால் மேலே நகர்ந்திருந்தன. சிம்போராசோ பாடத்துக்குப் பிறகு இத்தகைய எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். இந்திய இமயமலையின் சில சிகரங்களில் இப்போது குளோரியா முறையிலும் கட்டங்கள் போடப்பட்டிருக்கின்றன. அவற்றின் கணக்கு முதிர இன்னும் சில சுற்று வேண்டும்.

நீலகிரிக்கும் பழனிக்கும் இது பொருந்துமா?

தமிழ் வாசகர் கேட்கக்கூடிய கேள்வி இது. நேரடியாகப் பொருந்தாது. தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். பனி மண்டலம் இங்கே கிடையாது, ஆல்ப்ஸில் உள்ளது போன்ற வெப்பத்தால் வரும் மரவரம்பும் கிடையாது. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல்வெளி என்று ஒரே உயரத்தில் இரண்டும் அருகருகே இருக்கின்றன. உறைபனி, தீ, மண், மேய்ச்சல் எல்லாம் சேர்ந்துதான் அந்த எல்லையைத் தீர்மானிக்கின்றன.

இந்தப் புல்வெளிகள் காட்டை வெட்டியதால் வந்தவை என்று வெகுகாலம் நினைக்கப்பட்டது. 1993இல் சூழலியலாளர் ஆர். சுகுமாரும் கூட்டாளிகளும் நீலகிரியின் சதுப்பு மண்ணைத் தோண்டி, அதில் மக்கிய தாவரங்களின் கார்பன் ஓரகத்தனிமங்களை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகள்; அவற்றின் விகிதம் அங்கே இருந்தது புல்லா மரமா என்று காட்டும்) அளந்து நேச்சர் இதழில் எழுதினார்கள். 20,000 ஆண்டுக்கு முன்பே அங்கே புல் செழித்திருந்தது. அதற்குப் பின் காலநிலை மாறும்போதெல்லாம் புல்லும் மரமும் மாறி மாறி ஏறி இறங்கியிருக்கின்றன.

அதாவது இங்கும் உச்சியில் ஒரு மூத்த குடி இருக்கிறது, அதற்கும் மேலே போக வழியில்லை. ஆனால் இங்கே ஏறி வந்தவர்கள் தாமாக வரவில்லை. சீகை (வாட்டில் மரம், தலைக்குத் தேய்க்கும் சீயக்காய் இல்லை), தைலமரம், பைன் எல்லாம் மனிதர் கொண்டுவந்து நட்டவை. அவற்றில் சீகை நட்ட எல்லையைத் தாண்டித் தானாகவே பரவுகிறது. பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018இல் வந்த ஆய்வின்படி, நான்கு பத்தாண்டில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. பெரும்பகுதி இடத்தில் இப்போது மரம் நிற்கிறது. மரப்பரப்பை மட்டும் கூட்டிப் பார்க்கும் கணக்கில், அந்த மலையில் பசுமை கூடியிருப்பதாகவே வரும்.